கன அயனி வினைகளில் முழு இணைவையும் முழுமையற்ற இணைவையும் பிரித்தறிதல்

கன அயனி வினையில் எறிகணை முழுவதும் இலக்கு அணுக்கருவுடன் கலந்து கூட்டு அணுக்கரு உருவாவது முழு இணைவு எனப்படும். எறிகணை பிளவுற்று ஒரு கூறு மட்டும் இணைய, எஞ்சிய கூறு ஏறத்தாழ எறிகணையின் திசைவேகத்துடனேயே முன்னோக்கிச் செல்வது முழுமையற்ற இணைவாகும். இவ்வாறு முன்திசையில் குவியும் விரைவு ஆல்பா துகள்களை 1961ஆம் ஆண்டில் பிரிட், குவின்டன் ஆகியோர் அறிவித்தனர்.

கார்பன்-12, டெர்பியம்-159 அணுக்கருவுடன் முழுமையாக இணைந்தால் லுட்டீசியம்-171 தோன்றும்; அதன் பெரிலியம்-8 கூறு மட்டும் இணைந்தால் தூலியம்-167 தோன்றும். சிக்கல் இங்கேதான் எழுகிறது. லுட்டீசியம்-171 ஓர் ஆல்பா துகளை ஆவியாதல் முறையில் வெளியிட்டாலும் எஞ்சுவது தூலியம்-167தான். பின்னர் நியூட்ரான்கள் வெளியேறுவது இரண்டிற்கும் பொது. ஆகவே விளைகருவின் அடையாளம் மட்டும் அது தோன்றிய வழியைக் காட்டாது. பேஸ்-4 கணினி நிரல் முழு இணைவை மட்டுமே கருதுவதால், ஆல்பா வெளியேறும் வழிகளில் அளவிட்ட குறுக்குவெட்டுப் பரப்பு அக்கணிப்பை விஞ்சும் பகுதி முழுமையற்ற இணைவின் பங்காகக் கொள்ளப்படுகிறது. எனினும் அக்கணிப்பு, தேர்ந்துகொள்ளும் ஆற்றல்மட்ட அடர்த்தி அளவுருவைச் சார்ந்தது. எனவே இம்மிகை ஒன்றையே சான்றாகக் காட்டுவது போதாது.

பின்னுதைப்பு நெடுக்க அளவீடு இதனினும் உறுதியானது. பெரிலியம்-8 எறிகணையின் உந்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கையே அளிப்பதால், அவ்வழித் தோன்றும் விளைகரு மெல்லிய அலுமினியத் தகடுகளின் அடுக்கில் குறைந்த ஆழத்திலேயே நின்றுவிடும். ஒரே விளைகருவின் நெடுக்கப் பரவலில் இரு முகடுகள் தெளிவாகத் தோன்றின், இரு வழிகளும் நிகழ்ந்தன எனலாம். முகடுகளின் பரப்புகள் அவற்றின் பங்குகளைத் தரும்.