சிதையும் முன் படியெடுத்தல்: நூலகப் பாதுகாப்புப் படிகளும் பதிப்புரிமையும்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் நூல்களும் மீட்க இயலாதவாறு அழிந்தன. ஆதலால், ஓர் ஆவணம் சிதையும் முன்னரே அதனைப் படியெடுக்கச் சட்டம் இடந்தருகிறதா என்பது நமக்கு வெறும் சட்ட நுணுக்கம் அன்று. புலம்பெயர் தமிழரின் சிற்றிதழ்கள், விழா மலர்கள், ஒலிநாடாக்கள் ஆகியன பெரும்பாலும் பதிப்புரிமைக் காலத்திற்கு உட்பட்டவை. இவ்வகை ஆவணங்களைப் பொறுத்து மூன்று நாட்டுச் சட்டங்கள் கூறுவதை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு 2014இல் விரிவாக்கப்பட்டது. நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் ஆகியவை தம் நிரந்தரச் சேகரிப்பிலுள்ள எவ்வகைப் படைப்பையும் பாதுகாப்பின் பொருட்டு உரிமையாளரின் இசைவின்றிப் படியெடுக்கலாம். ஒலிப்பதிவும் திரைப்படமும் இதனுள் அடங்கும். அப்பொருள் பொதுமக்களுக்கு இரவல் தரப்படாததாகவும், அதன் படியை விலைக்கு வாங்குவது நடைமுறையில் இயலாததாகவும் இருத்தல் வேண்டும். அது சிதைந்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. இவ்வுரிமையைத் தடுக்கும் ஒப்பந்த விதியும் செல்லாது.

அமெரிக்கச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இவ்விடத்தில் வேறுபடுகிறது. வெளியிடப்படாத படைப்பைப் பாதுகாப்பிற்காக மூன்று படிகள் வரை எடுக்கலாம். வெளியிடப்பட்ட நூலாயின், அது சேதமுற்றோ, சிதைந்துகொண்டோ, தொலைந்தோ, களவுபோயோ, அதன் வடிவம் வழக்கொழிந்தோ இருத்தல் வேண்டும். நியாய விலையில் புதிய படி கிடைக்கவில்லை என்பதையும் நூலகம் தேடி உறுதிசெய்தல் வேண்டும். எண்ணிமப் படியை நூலக வளாகத்திற்கு வெளியே பொதுமக்களுக்குத் தரலாகாது.

கனடாவின் 30.1ஆம் பிரிவு, அரிய அல்லது வெளியிடப்படாத மூலம் சிதையும் அபாயத்தில் இருப்பதையே போதுமான காரணமாக ஏற்கிறது. எனினும், தகுந்த படி சந்தையில் கிடைக்குமாயின் இவ்விலக்குப் பொருந்தாது.

ஒலிநாடாவில் குரல் மங்கிய பின்னர் எடுக்கும் படி, மங்கிய குரலையே காக்கும். எனவே சிதைவு தோன்றும் வரை காத்திருக்கச் செய்யும் விதி, பாதுகாப்பின் நோக்கத்தையே ஓரளவு தோற்கடிக்கிறது.

இன்னொன்றையும் கருத வேண்டும். படியெடுக்கும் உரிமை, இணையத்தில் வெளியிடும் உரிமை ஆகாது. நூலைக் கொடையாகத் தருபவர் பதிப்புரிமையாளராக இருக்க வேண்டியதும் இல்லை. ஆகவே, சேகரிப்பை ஏற்கும்போதே எழுத்தாளரிடமோ அவர்தம் வழித்தோன்றல்களிடமோ எழுத்துமூல இசைவைப் பெறுதல் நன்று. முதல் தலைமுறையினர் நம்மிடையே இருக்கும் இக்காலத்திலேயே அப்பணி எளிதாகும்.