மீனின் மூளையும் மனிதனின் நம்பிக்கையும்

பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்து படுத்திருந்த முதியவர் ஒருவரைக் காண, சில மாதங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய மூத்த மகன் ஒரு விளம்பரத் தாளை நம்மிடம் நீட்டினார். “சுவாமி, மீனுக்கு மூளையில் காயம் பட்டாலும் மறுபடியும் வளர்ந்துவிடுகிறதாம். அந்த முறையிலேயே அப்பாவையும் எழுந்து நடக்க வைப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கிற ஒரு ஏக்கர் நிலத்தை விற்றுவிடலாமென்று இருக்கிறேன்” என்றார்.

மீனைப் பற்றிய செய்தி மெய். அதைக் காட்டி அளிக்கப்பட்ட வாக்குறுதியே பொய். மெய் எங்கே முடிகிறது, பொய் எங்கே தொடங்குகிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் ஒரு சிறு மீன் உண்டு. சுண்டுவிரலினும் சிறியது, உடல் நெடுக நீலக் கோடுகள் ஓடுவதால் வரிக்குதிரை மீன் எனப் பெயர் பெற்றது. 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்பார் கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் இதனை வருணித்தார். அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1970-களில் இதனை வளர்த்து ஆராய்ந்த பின், உலகத்து ஆய்வுக்கூடங்கள் பலவற்றிலும் இது இடம்பெற்றது.

இம்மீனின் முன்மூளையில் மெல்லிய ஊசியால் காயம் உண்டாக்கினால், முதலில் பல நரம்பணுக்கள் மடிகின்றன. ஆனால் மூளையின் உட்குழியை அடுத்து வரிசையாய் நிற்கும் சில உயிரணுக்கள் விழித்துக்கொள்கின்றன. வாழையின் குருத்து புது இலையை ஈனுவதுபோலப் புதிய அணுக்களைப் பெருக்கும் ஆற்றலுடைய இவற்றைக் குருத்தணுக்கள் என்பர். இவை ஈன்ற அணுக்கள் காயம்பட்ட இடத்திற்கு நகர்ந்து சென்று நரம்பணுக்களாக முதிர்கின்றன. நிலையான வடு எஞ்சுவதில்லை. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அப்புதிய நரம்பணுக்கள் மாதங்கள் கடந்தும் வாழ்ந்திருந்ததைக் காட்டியது.

குருத்தணுக்களை விழிக்கச் செய்வது எது? ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2012-இல் வியப்பான விடை கண்டனர். காயமே உண்டாக்காமல், ஈஸ்டிலிருந்து எடுத்த துகள்களை மீன் மூளையில் செலுத்தி அழற்சியை மட்டும் தோற்றுவித்தனர். அதற்கே குருத்தணுக்கள் பெருகின! அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தபோதோ அப்பெருக்கம் குன்றியது. நாம் கேடென்று எண்ணும் அழற்சியே மீனுக்கு மீட்சியின் அழைப்பாக இருக்கிறது.

மனிதருக்கோ நிலைமை வேறு. நம் மூளை காயமுற்றால், நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் அணுக்கள் அவ்விடத்தைச் சுற்றி வடுவாக இறுகுகின்றன. அவ்வடு சேதம் பரவாமல் தடுக்கிறது. அதே வேளையில், அறுந்த நரம்பிழைகள் மீண்டும் வளர்வதற்கும் இடையூறாகிறது. வளர்ந்தோரின் மூளையில் நரம்பணுக்கள் புதிதாய்ப் பிறப்பதே இல்லை என்பது, 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ காஹாலின் காலத்திலிருந்து வேரூன்றிய கருத்து. 1998-இல் நினைவாற்றலுக்குரிய ஒரு பகுதியில் புதிய நரம்பணுக்கள் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2018-இலோ, அவை உண்டு என ஓர் ஆய்வும், காணப்படவில்லை என மற்றோர் ஆய்வும் வெளிவந்தன. ஆய்வாளரே வழக்காடும் ஒன்றை, விளம்பரக்காரர் தீர்ப்பாக விற்கலாமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவாயுள்ளன. இரத்தம் தொடர்பான சில நோய்களுக்குச் செய்யப்படும் குருத்தணு மாற்றுச் சிகிச்சையே ஏற்கப்பட்டது. பக்கவாதம் போன்றவற்றுக்கு இது ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே நடைபெறலாம். அதைச் சிகிச்சையென்று கூறிப் பணம் பெறுதல் முறையன்று.

இவற்றை அம்மகனிடம் எடுத்துரைத்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியானால் நம்பிக்கையே இல்லையா, சுவாமி?” என்றார். உண்டு. இறந்த நரம்பணு மீளாவிடினும், எஞ்சியவை புதிய இணைப்புகளை ஏற்படுத்தி, இழந்த பணியில் ஒரு பகுதியைக் கற்றுக்கொள்ளும். அதற்கு வேண்டியது உடற்பயிற்சி மருத்துவரின் வழிகாட்டலும், வீட்டாரின் அன்றாட உழைப்பும், பொறுமையுமே.

நிலம் விற்கப்படவில்லை. மகனும் மருமகளும் முறைவைத்து நாள்தோறும் பயிற்சி அளித்தனர். அண்மையில் சென்றபோது பெரியவர் எழுந்து நடக்கவில்லை. ஆனால் காப்பித் தம்ளரைத் தம் வலக்கையால் பற்றி, சிறிது சிந்தினாலும், தாமே பருகினார்.

வாசக அன்பர்களே, முகம் ஒருபுறம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், ஒரு நொடியும் தாமதியாது பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள். இரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டியது. மீனுக்கு வாய்த்த வரம் நமக்கும் ஒரு நாள் வாய்க்கலாம். அதுவரை நம் கைவசமுள்ள நேரத்தையும் நிலத்தையும் வீணே இழவாதிருப்போம்.