பிரசவத்திற்கு ஊர் வரும் சகோதரிகளே!

கணவருடன் துபாயிலோ ரியாதிலோ குடியிருக்கும் பெண்கள் பலர் பிரசவத்திற்கென உம்மா வீட்டுக்கு வருகின்றனர். வருமுன், திரும்பிப் போவதற்கான பத்திரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐக்கிய அரபு இராச்சியத்திற்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் தங்கினால், வதிவிட விசா பொதுவாக செல்லுபடியற்றதாகிவிடும். விசாவில் இன்னும் ஒரு வருடம் மீதமிருந்தாலும் பயனில்லை. ஏழாம் மாதத்தில் ஊர் வந்து, பிள்ளை பெற்று, நாற்பது கழிந்து, "பிள்ளை கொஞ்சம் தேறட்டும்" என்று இருந்தால் அந்தக் கெடு நெருங்கிவிடும். பிந்திவிட்டால், தக்க காரணம் காட்டி மீள்நுழைவு அனுமதி கேட்கலாம். ஆனால் அதற்குச் செலவும் அலைச்சலும் உண்டு.

சவூதியில் இருந்து வருவோருக்கு இகாமா மட்டும் போதாது. வெளியேறி மீள நுழைவதற்கான விசாவைப் புறப்படுமுன்பே கணவர் மூலம் எடுத்துக்கொள்ள வேண்டும். அது முடியும் திகதியைக் குறித்து வையுங்கள்.

இங்கு பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் விசா உதவாது. பிறப்புப் பதிவு, கடவுச்சீட்டு, தனியான நுழைவு அனுமதி என எல்லாம் வேண்டும். தாய் போகலாம், கைக்குழந்தை போக முடியாது என்ற நிலை வரலாமா? பெயர் வைத்த கையோடு பதிவையும் முடித்துவிடுங்கள்.

நாட்களை எண்ணிப் பார்த்த பின்பே விமானச் சீட்டை வாங்குங்கள்.