பேரிடரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோதும், 2021-ல் கொரோனா இரண்டாம் அலை வீசியபோதும், 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் மலை சரிந்தபோதும் மக்கள் மனத்தில் முதலில் எழுந்தது ஒரே கேள்விதான்: ‘அந்தப் பிள்ளைகளை இனி யார் பார்த்துக்கொள்வார்கள்?’ இரக்கத்தில் பிறக்கும் கேள்வி அது. ஆனால், இரக்கம் அவசரப்பட்டால், பிள்ளைக்கு மிச்சமிருக்கும் சொந்தபந்தமும் அறுந்துபோகும். இது குறித்து மக்களுக்குப் பொதுவாக எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே:

பெற்றோரை இழந்த குழந்தையை உடனே தத்தெடுக்க முடியுமா?

முடியாது, முடியாமல் இருப்பதுதான் குழந்தைக்கு நல்லது. பேரிடர் நடந்த முதல் சில வாரங்களில் யார் இறந்தார்கள், யார் வேறு முகாமில் இருக்கிறார்கள், யார் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியாது. சுனாமி அன்று இலங்கையின் கல்முனை மருத்துவமனைக்குச் சில மாதக் குழந்தை ஒன்று கொண்டுவரப்பட்டது. அன்று சேர்க்கப்பட்ட 81-வது ஆள் என்பதால் அதை ‘பேபி 81’ என்றே உலகம் அழைத்தது. பல தம்பதியர் உரிமை கோருவதாகச் செய்தி பரவியது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பிப்ரவரியில் குழந்தை பெற்றவர்களிடமே போய்ச் சேர்ந்தது. முதல் வாரத்திலேயே யாரேனும் நல்ல எண்ணத்தோடு அந்தக் குழந்தையைத் தூக்கிச் சென்றிருந்தால், உயிரோடு இருந்த தாயும் தந்தையும் அதை நிரந்தரமாக இழந்திருப்பார்கள்.

இந்தியாவில் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு விசாரித்த பிறகே ஒரு குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்கும். 2 வயது வரை உள்ள குழந்தை என்றால் 2 மாதத்துக்குள், அதற்கு மேற்பட்ட வயது என்றால் 4 மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டும். மத்திய தத்துவள ஆதார மையத்தின் (காரா) இணையதளத்தில் பதிவுசெய்து காத்திருப்போருக்கே வரிசைப்படி வாய்ப்பு கிடைக்கும். 2022 செப்டம்பர் முதல் இறுதி ஆணையை மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார்.

‘இரண்டு வயதுப் பெண் குழந்தை, பெற்றோர் இறந்துவிட்டனர், தத்தெடுக்க அழைக்கவும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பகிரலாமா?

பகிரக் கூடாது. 2021 மே மாதம் இப்படிப்பட்ட செய்திகள் நாடு முழுக்கச் சுற்றியபோது, அப்போதைய மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானி இவற்றை நம்ப வேண்டாம், பகிர வேண்டாம் என்று எச்சரித்தார். அந்த எண்ணுக்குப் பின்னால் குழந்தையை விற்பவர் இருக்கலாம். சட்ட நடைமுறைக்கு வெளியே குழந்தையைத் தத்துக் கொடுப்பதும் பெறுவதும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி ஆகியவற்றை ஊடகங்களில் வெளியிடுவதும் குற்றம்தான். செய்தி வந்தால் 1098 என்ற இலவச உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

துணையில்லாமல் நிற்கும் குழந்தையைப் பார்த்தால் என்ன செய்வது?

1098-ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். கண்டெடுத்த குழந்தையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ‘இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருக்கட்டும்’ என்று அழைத்துப் போனால், முகாம் முகாமாகத் தேடி வரும் சித்தப்பாவுக்கு அந்தக் குழந்தை கிடைக்காது.

கூடுமானவரை கண்டெடுத்த இடத்திலேயே இருந்து, குழந்தை சொல்வதை அது சொல்லும் விதத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைக்கு அப்பாவின் முழுப் பெயர் தெரியாது. ஆனால், வீட்டுப் பக்கத்தில் என்ன கோயில், அப்பா போகும் படகு என்ன நிறம், பள்ளியில் டீச்சர் பெயர் என்ன, வீட்டில் ஆடு இருந்ததா, அண்ணனை எப்படிக் கூப்பிடும் என்பது தெரியும். உடுத்தியிருந்த துணியைத் தூக்கி எறியாதீர்கள். காதில் கிடக்கும் தோடும் அரையில் கட்டிய கயிறும்கூட அடையாளம்தான்.

பெற்றோர் இருவருமே இல்லை என்றால் காப்பகம்தானே வழி?

அது கடைசி வழி. 2009-ல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் முதலில் சொந்தக் குடும்பம், அடுத்து உறவினர், பிறகு வளர்ப்புக் குடும்பம் என்றே செல்கின்றன. இதற்கு வலுவான காரணம் உண்டு. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை 2000-ம் ஆண்டு முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகள், காப்பகத்தில் தங்கியவர்களைவிட அறிவு வளர்ச்சியில் முன்னேறினார்கள். 2 வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். பணியாளர்கள் வேலைநேரப்படி மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், அழுதால் ஓடி வரும் ஒரே முகம் என்று ஒன்று குழந்தைக்குக் கிடைப்பதில்லை. சோறும் துணியும் குறையில்லாமல் கொடுத்தாலும் அந்த இடம் நிரம்பாது.

பாட்டி தாத்தாவே தள்ளாத வயதில் இருக்கிறார்கள். அவர்களால் எப்படி வளர்க்க முடியும்?

தனியாக முடியாது, உதவி இருந்தால் முடியும். அந்த உதவியைக் கொண்டுசேர்ப்பதுதான் அரசின் கடமை, நம் கடமையும்கூட. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமமாக இருந்தால் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. விவரம் கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

பல பாட்டிகளுக்கு இந்த அலுவலகம் இருப்பதே தெரியாது. இறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். ஒரு நாள் லீவு போட்டு அந்தப் பாட்டியோடு அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். அது பெரிய தொண்டு.

நிவாரணப் பணத்தைக் குறிவைத்து உறவினர் குழந்தையைக் கேட்டு வந்தால்?

இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் பெருந்தொகைகள் குழந்தையின் பெயரிலேயே வைப்பு நிதியாக வைக்கப்படுகின்றன. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாயை இப்படித்தான் வைப்பு வைத்தது. வளர்க்கும் உறவினருக்கு மாதம் 3,000 ரூபாய் தனியாக அறிவித்தது. உறவினரிடம் ஒப்படைக்கும் முன் வீட்டைப் பார்த்து விசாரிப்பதும், பிறகு போய்க் கண்காணிப்பதும் அதிகாரிகளின் வேலை. குழந்தை பள்ளிக்கு வருவது நின்றுவிட்டால் முதலில் அறிபவர் ஆசிரியர். அவர் ஒரு போன் செய்தால் போதும்.

வெளிநாட்டில் நல்ல வாழ்க்கை கிடைக்கும்போது ஏன் தடுக்கிறார்கள்?

கசப்பான அனுபவம்தான் காரணம். 2007-ல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டிலிருந்து 103 குழந்தைகளை, ‘டார்ஃபூர் போரில் பெற்றோரை இழந்தவர்கள்’ என்று சொல்லி ஒரு பிரெஞ்சு அமைப்பு விமானத்தில் ஏற்ற முயன்றது. விசாரித்தால், பெரும்பாலானோர் சாட் நாட்டுப் பிள்ளைகள்; குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு 33 குழந்தைகளை எல்லை கடத்தப் பார்த்த அமெரிக்கர் 10 பேர் கைதானார்கள். அந்தக் குழந்தைகளுக்கும் பெற்றோர் இருந்தார்கள். வறுமையில் தவித்தவர்கள், பிள்ளை படிக்கட்டும் என்று நம்பிக் கொடுத்திருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு, 16 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெற்றோர் துணையின்றி ஆச்சே மாநிலத்திலிருந்து வெளியே கொண்டுபோக இந்தோனேசியா தடை விதித்ததும் இந்த ஆபத்தை உணர்ந்துதான். வறுமையால் பிள்ளையைக் கொடுத்த ஹைட்டிப் பெற்றோருக்குத் தேவைப்பட்டது தொழிலும் கூரையும் பள்ளிக் கட்டணமும். பிள்ளையைப் பிரிவது அல்ல.

அம்மா இறந்ததைக் குழந்தையிடம் மறைப்பது நல்லதுதானே?

இல்லை. ‘அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்று சொன்னால் குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். வராதபோது, தான் செய்த குறும்பால்தான் அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்ளும். நம்பும் பெரியவர் ஒருவர், மடியில் உட்காரவைத்து, எளிய சொற்களில் உண்மையைச் சொல்ல வேண்டும்: “அம்மா இறந்துட்டாங்க, இனிமே வர மாட்டாங்க. உன்மேல எந்தத் தப்பும் இல்ல. நான் உன்கூட இருக்கேன்.” ‘அம்மா எங்கே?’ என்று குழந்தை பத்து முறை கேட்கும். பத்து முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கூடிய சீக்கிரம் பள்ளிக்கு அனுப்புங்கள். அண்ணன் தங்கையைப் பிரிக்காதீர்கள்.

பிறந்தநாளுக்குக் காப்பகத்தில் சாப்பாடு போடலாமா?

சாப்பாடு போடுவது தவறில்லை. குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்துப் பாடச் சொல்வதும், தட்டோடு படம் எடுத்து முகநூலில் போடுவதும்தான் தவறு. வாரம் ஒரு புது மாமாவுக்கு வணக்கம் சொல்லிப் பழகும் குழந்தை தன்னைத் தானே தாழ்த்திக்கொள்கிறது. கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு உண்டா? எத்தனை குழந்தைகளுக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள்? கடந்த ஆண்டு எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள்? நேராகப் பதில் சொல்லும் இல்லத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். உறவினரைப் பார்த்து வரும் பேருந்துச் செலவு, மனநல ஆலோசகரின் சம்பளம், டியூஷன் கட்டணம் போன்றவற்றுக்குக் கொடுப்பது இன்னும் நல்லது.

18 வயதானதும் கைவிட்டுவிடுவார்களா?

சட்டம் 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை பின்பராமரிப்புக்கு இடம் தருகிறது. ஆனால், உறவுக்கு வயது வரம்பு கிடையாது. சுனாமியில் பெற்றோரை இழந்து நாகப்பட்டினம் அன்னை சத்யா அரசு இல்லத்தில் வளர்ந்த பெண் ஒருவரின் திருமணம் 2022-ல் நடந்தது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் குடும்பத்தில் ஒருவராக முன்னின்று அதை நடத்தினார். 17 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் அந்தப் பிள்ளைக்கு ஆளாக நின்றார்.

பேரிடர் நடந்த வாரத்தில் உதவிக்கு ஆயிரம் பேர் வருவார்கள். ஐந்தாவது ஆண்டில், கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில், யாரும் இருக்க மாட்டார்கள். உதவ நினைப்பவர்கள் அந்த ஜூன் மாதத்துக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஒரு பிள்ளையையும் அதை வளர்க்கும் குடும்பத்தையும் அது சொந்தக் காலில் நிற்கும்வரை விடாமல் தாங்குங்கள்.