பாட்டியின் கடைசிப் பற்று

கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் 'லைன்' வீடொன்றில் எங்கள் பாட்டி வாழ்ந்தார். ஓர் அறை, சிறு முற்றம். அதற்குள் ஒரு பசு, நான்கு ஆடுகள், கணக்கில் அடங்காத தெருநாய்கள். பசுவுக்குத் தீனி வைக்குமுன் அவர் காப்பி அருந்தி நாங்கள் கண்டதில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆண்கள் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறினர். பிறகு குடும்பங்களும் பெயர்ந்தன. பாட்டி மட்டும் வர மறுத்தார்.

"இதுங்கள யாருகிட்ட விட்டுட்டு வர?"

எங்களிடம் விடை இல்லை. அடுக்ககத்தில் பசுவுக்கு இடமேது? பிடிவாதம் என்று எண்ணினோம். கோபத்தில் ஒரு பொங்கலுக்குப் போகாமலும் இருந்துவிட்டோம். அது இன்றும் உறுத்துகிறது.

தாத்தாவின் பணிக்கொடை வங்கியில் வைப்புநிதியாக இருந்தது. மாத வட்டியை எடுத்ததும் அவர் முதலில் செல்வது தவிட்டுக் கடைக்கே.

அவர் மறைந்தபின் கணக்கை முடிக்கச் சென்றோம். வாரிசு நியமனம் செய்திருந்ததால் அலைச்சல் இல்லை. ஆனால் சேமிப்புப் புத்தகத்தின் கடைசிப் பற்று வழக்கத்தைவிடப் பெரிது. விசாரித்தோம்: ஆறு மாத வைக்கோலுக்கு முன்பணம் கொடுத்திருந்தாராம். அந்த வைக்கோலோடு பசுவைப் பக்கத்து வீட்டார் ஏற்றுக்கொண்டனர். கிழட்டு நாயொன்று மட்டும் எங்களுடன் பெங்களூருக்கு ரயிலேறியது.