வைட்டமின் மாத்திரை வாய்ப்புற்றுநோயைத் தடுக்குமா? கேரள ஆய்வும் பின்லாந்து தந்த அதிர்ச்சியும்

வாய்ப்புற்றுநோயால் பாதிக்கப்பட்டோரின் ரத்தத்தில் வைட்டமின் ஏ, சி, ஈ ஆகியவற்றின் அளவு குறைந்து காணப்படுவதாக ஆய்வுகள் பல ஆண்டுகளாகத் தெரிவித்து வருகின்றன. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் எனப்படும் இந்தச் சத்துகளை மாத்திரையாக உட்கொண்டால் நோயைத் தவிர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்தே பிறக்கிறது. ஆனால், அந்த நம்பிக்கையை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் வேறு விதமாக அமைந்தன.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1.43 லட்சம் பேர் உதடு மற்றும் வாய்க்குழிப் புற்றுநோய்க்குப் புதிதாக ஆளாகினர். சுமார் 80 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். உலகில் இந்நோய்க்கு ஆளாவோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள்.

சுண்ணாம்பு சேரும்போது...

இதற்கு முதன்மைக் காரணம் புகையிலையும் பாக்கும். புகையிலை கலவாத வெறும் பாக்கையும் அதே முகமை 2004-இல் புற்றுநோய்க் காரணி எனப் பட்டியலிட்டது. 'புகையிலை இல்லை, பாக்குதான்' என்று சமாதானம் சொல்வோர் கவனிக்க வேண்டிய செய்தி இது. பாக்குடன் சுண்ணாம்பு சேரும்போது வாயில் காரத்தன்மை மிகுந்து, பாக்கிலுள்ள பாலிபீனால் சேர்மங்கள் தாமாகவே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அப்போது உருவாகும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. அவற்றைச் செயலிழக்கச் செய்வது வைட்டமின் சி, ஈ போன்றவற்றின் பணி.

எனினும், ரத்தத்தில் வைட்டமின் குறைந்திருப்பதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் வைட்டமின் குறைந்ததா என்பதை ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடாது. வாய்ப்புண்ணால் உணவை மெல்லவும் விழுங்கவும் இயலாதவருக்குச் சத்துக் குறைவது இயல்பே. மேலும், புகைப்பவரின் உடல் வைட்டமின் சி-யை வேகமாகச் செலவழிக்கிறது. அவருக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாகத் தேவை என அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை கூறுகிறது. ஆகவே, குறைந்த வைட்டமின் அளவு என்பது பல நேரங்களில் புகையிலைப் பழக்கத்தின் நிழலாகவே இருக்கலாம்.

மறைந்த படலம் திரும்பியது

இந்த விவாதத்தில் மிகவும் கவனிக்கத்தக்க சோதனை கேரளத்தில் நடைபெற்றது. வாயினுள் வெண்படலம் தோன்றியிருந்த 160 மீனவ மக்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவுகள் 1997-இல் வெளியாகின. இப்படலம் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியது. ஓராண்டுக் காலம் உயர் அளவில் வைட்டமின் ஏ பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் படலம் முற்றிலும் மறைந்தது. போலி மாத்திரை பெற்றோரில் இது 10 விழுக்காடு மட்டுமே.

செய்தி இத்துடன் முடிந்திருந்தால் கொண்டாடியிருக்கலாம். ஆனால், மாத்திரையை நிறுத்தியபின், குணமடைந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் படலம் மீண்டும் தோன்றியது. அத்தகைய உயர் அளவில் வைட்டமின் ஏ-யை ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் எளிதன்று. மிகையானால் அது கல்லீரலைப் பாதிக்கும், கர்ப்பிணிகளின் கருவுக்கும் ஊறு விளைவிக்கும்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு இன்னும் பெரிய அதிர்ச்சியைத் தந்தது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் பீட்டா கரோட்டின் வழங்கப்பட்டவர்களிடம் அந்நோய் 18 விழுக்காடு அதிகமாக ஏற்பட்டதென 1994-இல் தெரியவந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்து வழங்கப்பட்ட மற்றோர் ஆய்விலும் பாதிப்பு 28 விழுக்காடு உயர்ந்ததால், 1996-இல் அது குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. இவை நுரையீரல் பற்றியவை எனினும், வாய்ப்புற்றுநோய் அபாயத்தில் இருப்போரில் பெரும்பாலோர் புகையிலை பயன்படுத்துவோர் என்பதால் எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

சிகிச்சையில் இருப்போருக்கு அபாயம் இன்னும் நேரடியானது. கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை பெற்ற 540 பேரிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் ஈ மாத்திரை உட்கொண்ட காலத்தில் புதிதாக மற்றொரு புற்றுநோய் தோன்றுவது அதிகரித்தது. கதிர்வீச்சு புற்றுச் செல்களை அழிப்பதும் பெருமளவு அதே ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கொண்டுதான். தடுப்பான் மாத்திரை அந்தச் செல்களுக்கும் காவலாகிவிடக்கூடும் என்பது மருத்துவர்களின் ஐயம். மருத்துவரிடம் சொல்லாமல் 'சத்து மாத்திரை' வாங்கிக் கொடுக்கும் உறவினர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

காய்கனிகளை நிறைய உண்போரிடம் வாய்ப்புற்றுநோய் குறைவாகக் காணப்படுகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கீரையிலும் நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இருப்பது ஒற்றை வைட்டமின் அன்று. நார்ச்சத்தும் ஃபோலேட்டும் பலவகைத் தாவரச் சேர்மங்களும் கலந்த கூட்டு. அதிலிருந்து ஒன்றைப் பிரித்து, பல மடங்கு செறிவூட்டி விழுங்கும்போது அதே பலன் கிடைப்பதில்லை.

உயிரிழப்பைக் குறைத்ததாக நிரூபிக்கப்பட்ட வழியும் கேரளத்திலிருந்தே வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்த திட்டத்தில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் வெளியான முடிவுகள் காட்டின. அதற்குத் தேவைப்பட்டது நல்ல வெளிச்சமும் பழகிய கண்களும்தான். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாயை முழுமையாகத் திறக்க இயலாமை, காரம் பட்டாலே எரிச்சல் ஆகியவை காணப்பட்டால் பல் மருத்துவரோ அரசு மருத்துவமனையோ முதற்கட்டப் பரிசோதனையைச் செய்துவிட முடியும்.