பிழையையும் திருத்திவிடும் இயந்திரம்

மூலநிரல் தொலைந்துபோன பழைய மென்பொருளைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அப்படியே மீட்டுத் தந்துவிடும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அது பாதி உண்மை. மற்றப் பாதியைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நிரலாளர் எழுதும் மூலநிரலைக் கணினிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றுவது கொம்பைலர். இந்த மாற்றத்தில் எழுதியவர் இட்ட குறிப்புகள் அழிந்துவிடும், மாறிகளின் பெயர்களும் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. இதைத் தலைகீழாகச் செய்வதுதான் டீகொம்பைல். அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம் 2019 இல் இலவசமாக வெளியிட்ட கீட்ரா போன்ற கருவிகள் இதைச் செய்கின்றன. ஆனால் கிடைப்பது வாசிக்கவே சலிப்பூட்டும் நிரல். செயற்கை நுண்ணறிவு அதற்குப் பெயர்சூட்டி, குறிப்பெழுதி, அழகாக்கித் தருகிறது. அந்தப் பெயர்கள் மீட்கப்பட்டவை அல்ல, ஊகிக்கப்பட்டவை.

ஊகம் தவறினால் என்ன நடக்கும்? ஒரு பைட்டில் உள்ள 200 ஐ, மறை எண்களையும் ஏற்கும் வகையாக வாசித்தால் அது -56 ஆகிவிடும். "நீளம் 100 ஐ விடக் குறைவா?" என்ற சோதனையை -56 தாராளமாகத் தாண்டிவிடும். ஊடுருவுபவர்கள் தேடுவது இப்படியான ஓட்டைகளைத்தான். ஒழுங்கான நிரல்களை ஏராளமாகப் படித்த மொழி மாதிரியோ, அந்த இடத்தில் வழமையான சரியான வடிவத்தையே எழுதிவிடக்கூடும். அப்போது மென்பொருளில் ஓட்டை இருக்கும். நம் கையிலுள்ள பிரதியில் இருக்காது. பாதுகாப்பைச் சோதிப்பவருக்கு இதைவிட ஆபத்தான உதவி வேறில்லை என்பேன்.

சரிபார்க்கக் கடுமையான வழியொன்று உண்டு. 1996 இல் வந்த சுப்பர் மரியோ 64 விளையாட்டை ரசிகர்கள் தாங்களே டீகொம்பைல் செய்தார்கள். 2019 இல் அந்த நிரல் வெளியானது. அதைப் பழைய கொம்பைலரிலேயே இட்டால், அசல் விளையாட்டு பைட்டுக்குப் பைட் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். அவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது: அமெரிக்க வெளியீட்டில், வேகத்துக்காக நிரலைக் கலைத்துப்போடும் வசதியை இயக்காமலேயே கொம்பைல் செய்திருந்தார்கள். (அப்படிப் பொருந்தினாலும் பெயர்கள் சரியா என்பதை அந்தச் சோதனை சொல்லாது.)

தீம்பொருளை ஆராய்பவருக்கு இந்த வசதி கிடைப்பது அரிது. எந்தக் கொம்பைலர், எந்த அமைப்பு என்பது பலவேளைகளில் தெரியாது. எழுதியவர் வேண்டுமென்றே குழப்பியும் வைத்திருப்பார். சந்தேகமான இடங்களில் அழகான பிரதியை ஒதுக்கிவிட்டு, இயந்திரக் கட்டளைகளை அவரே ஒவ்வொன்றாக வாசிக்கவேண்டியிருக்கிறது.